வெளிநாட்டில் தன்னார்வ ஆசிரியர்: கிளம்பும் முன் கேட்க வேண்டியவை, போன பின் செய்ய வேண்டியவை

வெளிநாட்டுப் பள்ளியில் சில மாதம் சம்பளமில்லாமல் பாடம் நடத்தப் போகிறவர்கள் முதலில் யோசிப்பது எந்த நாடு என்றுதான். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. நீங்கள் போகவிருக்கும் வகுப்பில் இப்போது பாடம் நடத்துகிறவர் யார்? நீங்கள் வந்ததும் அவர் எங்கே போவார்? "அவருக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்", "அவர் வேறு வேலையைப் பார்ப்பார்" என்று அனுப்பும் அமைப்பு மழுப்பினால் விண்ணப்பத்தை மூடி வைத்துவிடலாம். உள்ளூர் ஆசிரியரின் நாற்காலியில் காசு வாங்காத ஆளை உட்கார வைக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அந்த ஆள் கிளம்பிய மறுநாள் வகுப்பு காலியாகக் கிடக்கும். "அவரும் வகுப்பிலேயே இருப்பார், இருவரும் சேர்ந்து நடத்த வேண்டும்" என்ற பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம்.

அடுத்தது காலம். தன்னார்வலர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் பிரிட்டனின் வி.எஸ்.ஓ. அமைப்பு 1958-இல் தொடங்கியபோது பள்ளி முடித்த இளைஞர்களை அனுப்பியது. பின்னாளில் தகுதியும் தொழில் அனுபவமும் உள்ளவர்களைத் தேடும் அமைப்பாக மாறிவிட்டது. 1961-இல் தொடங்கிய, அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோரில் வழக்கமான பணிக்காலம் 27 மாதம். அதில் முதல் மூன்று மாதம் பயிற்சிக்கே போய்விடும். அந்த மூன்று மாதமும் உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு தங்கி மொழியையும் வீட்டு நடைமுறையையும் கற்றுக்கொள்கிறார்கள். இதை அறிந்தவர்களுக்கு "இரண்டு வாரம் ஆசிரியராக இருங்கள்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். பிள்ளைகளின் பெயரும், உங்கள் உச்சரிப்பு அவர்கள் காதுக்குப் பழகுவதும் சேர்ந்தே இரண்டு வாரத்தைத் தின்றுவிடும். குறுகிய கால ஆட்கள் அடுத்தடுத்து வரும் பள்ளிகளில் வேறொரு கூத்தும் நடக்கிறது. வருகிற ஒவ்வொருவரும் நிறங்கள், எண்கள், உடல் உறுப்புகள் என்று அதே முதல் பாடத்தையே நடத்துகிறார்கள். பிள்ளைகளும் மரியாதைக்குத் தெரியாதது போல உட்கார்ந்திருப்பார்கள். என்னைக் கேட்டால், ஒரு பருவம் முழுதாக இருக்க முடியாதவர் வகுப்பு எடுக்கப் போக வேண்டாம். கையில் ஒரு மாதம்தான் என்றால், அங்குள்ள ஆசிரியர்களோடு பேச்சு ஆங்கிலப் பயிற்சி, நூலகப் புத்தகங்களை ஒழுங்குபடுத்துவது போன்ற, பாதியில் விட்டாலும் யாருக்கும் சேதமில்லாத வேலையைக் கேட்டு வாங்கலாம்.

பள்ளி என்று சொல்லி அனாதை இல்லத்துக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே போகாதீர்கள். இதில் நடுநிலைக்கு இடமில்லை. உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். படிப்பு கிடைக்கும் என்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அவர்கள். தன்னார்வலர் கொண்டுவரும் பணம் இருக்கும் வரை இல்லத்துக்குப் பிள்ளைகள் தேவைப்படுவார்கள். 2017-இல் வெளிவந்த நவீன அடிமைமுறை பற்றிய ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு அறிக்கை இந்த வியாபாரத்தை விரிவாகவே பேசியது. பணத்தை விடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய ஒருவரிடம் ஒட்டிக்கொண்டு பிரிவது அந்த வயதுப் பிள்ளைக்கு நல்லதல்ல.

பணம், விசா, தாள்கள், ஊசி

அமைப்பு கேட்கும் கட்டணத்தை வரி வரியாகப் பிரித்துக் கேளுங்கள்: விமான நிலையத்திலிருந்து அழைத்துப் போக எவ்வளவு, அறிமுகப் பயிற்சிக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு, அலுவலகச் செலவு எவ்வளவு. முக்கியமாக, நீங்கள் தங்கும் குடும்பத்துக்கு வாரத்துக்கு எவ்வளவு போகிறது, அதை யார் கொடுக்கிறார்கள், நீங்கள் வருமுன்பா வந்த பின்பா? குடும்பத்துக்குப் பணம் தாமதமாகப் போகும் ஏற்பாட்டில், உங்கள் முதல் மாதச் சாப்பாடு அவர்கள் கைக்காசில்தான் நடக்கும். அதை அவர்கள் உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள்.

விசா விஷயத்தில் "சம்பளம் வாங்கவில்லையே" என்ற வாதம் பல நாடுகளில் எடுபடாது. நேபாளம் போலச் சுற்றுலா விசாவில் தன்னார்வப் பணி செய்யக் கூடாது என்று சொல்லும் நாடுகள் உண்டு. குடிவரவு அதிகாரியிடம் "சுற்றிப் பார்க்க வந்தேன்" என்று சொல்லச் சொல்லிக்கொடுக்கும் அமைப்பு, நாளை பிரச்சினை வந்தால் உங்களைத் தெரியாது என்றும் சொல்லும். தூதரகத்துக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்பி, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காவல்துறைச் சான்றிதழை உங்களிடம் கேட்காத பள்ளியைப் பற்றிச் சந்தேகப்படுங்கள். உங்களிடம் கேட்கவில்லை என்றால் வேறு யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை (தாள் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசு முத்திரை) தேவையா என்பதையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கிடையே அந்த ஒரு முத்திரை போதும். சேராத நாடு என்றால் அதன் தூதரகம் வரை போய்ச் சான்றொப்பம் வாங்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

ஊசிகளுக்கும் காலக்கணக்கு உண்டு. ஹெபடைடிஸ் பி மூன்று தவணை. வழக்கமான அட்டவணையில் முதலாவதிலிருந்து ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. ஆகவே அரையாண்டுக்கு முன்பே தொடங்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கான சான்றிதழ், ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுதும் செல்லும். வெறிநாய்க்கடிக்கு முன்தடுப்பூசியாக ஒரு வார இடைவெளியில் இரண்டு தவணை போதும் என்பது 2018 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மருத்துவமனை தூரமாக இருக்கும் கிராமம் என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஊசி போட்டிருந்தாலும் கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மீதித் தவணைகள் அப்போதும் தேவை.

காப்பீட்டுத் தாளில் எல்லோரும் கோட்டைவிடும் வரி ஒன்று உண்டு: மோட்டார் சைக்கிள். உங்கள் பள்ளிக்குப் போகும் ஒரே வாகனம் தலைமையாசிரியரின் பைக்காக இருக்கலாம். ஹெல்மெட் இல்லாமல் பின்னால் உட்கார்ந்து போய் விழுந்தால் பல பாலிசிகள் ஒரு பைசா தராது. ஹெல்மெட்டை ஊரிலிருந்தே எடுத்துப் போகிறவர் கெட்டிக்காரர்.

பயிற்சி பற்றிச் சுருக்கமாக. ஆங்கிலம் கற்பிக்க 120 மணி நேரப் படிப்பு என்பது பரவலான அளவுகோல். கேம்பிரிட்ஜின் ஆங்கில ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழான செல்ட்டாவில் அதோடு உண்மையான மாணவர்கள் முன் ஆறு மணி நேரம் நடத்திக் காட்டவும் வேண்டும். முழுக்க ஆன்லைனில் முடித்த 120 மணி நேரத்தில் சாக்பீஸ் கையில் பட்டிருக்காது. அப்படிப் படித்தவர்கள் கிளம்பும் முன் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அனுமதி கேட்டு நான்கைந்து வகுப்பாவது பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

வகுப்பறை

முதல் வாரம் நடத்தாதீர்கள், பாருங்கள். "உடனே ஆரம்பியுங்கள்" என்று பள்ளியில் தள்ளுவார்கள். பணிவாக மறுத்துவிட்டுக் குறிப்பேட்டோடு பின்னால் உட்காருங்கள். எத்தனை பேருக்கு ஒரு பாடப்புத்தகம், பிள்ளைகள் பேச எழுந்து நிற்கிறார்களா, ஆசிரியர் தாய்மொழியில் எப்போது விளக்குகிறார், தேர்வு எந்த மாதம், அதற்குள் எந்தப் பக்கம் வரை முடிய வேண்டும் என்பதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் உங்கள் வாழ்வா சாவா. உள்ளூர் ஆசிரியருக்குப் பாடத்திட்டத்தை முடிக்கும் நெருக்கடி இருக்கிறது. நீங்கள் விளையாட்டும் பாட்டுமாக ஒரு மாதம் போக்கிவிட்டால், பின்தங்கிய பக்கங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதனால் அவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறாரோ அதே பக்கத்திலிருந்து உங்கள் பயிற்சியை எடுங்கள். அவர் இலக்கணத்தைத் தாய்மொழியில் விளக்கட்டும், பேசவைக்கும் பகுதியை நீங்கள் பாருங்கள். இந்தப் பங்கீடு பெரும்பாலும் நன்றாக ஓடும். அவருக்கு வராதது உங்களுக்கு வரும், உங்களுக்கு வரவே வராதது அவருக்கு வரும்.

அறுபது பேர், நாற்பது நிமிடம், ஒரு கரும்பலகை. பாடம், 'கேன் யூ ஸ்விம்?' என்று கேட்பதும் 'யெஸ், ஐ கேன்', 'நோ, ஐ கான்ட்' என்று சொல்வதும். வருகைப்பதிவும் சலசலப்பு அடங்குவதும் ஐந்து நிமிடம். நேற்றைய பாடத்தைக் கேள்வி கேட்டு ஐந்து நிமிடம். பலகையில் ஆறு சின்னப் படங்கள்: நீந்துவது, சமைப்பது, சைக்கிள் ஓட்டுவது, மரம் ஏறுவது, தைப்பது, பாடுவது. வரைந்து, சொல்லிக் காட்டி, அர்த்தத்தைப் பதிய வைக்க எட்டு நிமிடம். பிறகு ஏழு நிமிடம் சேர்ந்து சொல்வது: முதலில் வகுப்பு முழுதும், பிறகு இடது வரிசை கேட்க வலது வரிசை பதில் சொல்வது, பிறகு தனித்தனியாக ஐந்தாறு பேர். அடுத்த பத்து நிமிடம் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரோடு ஜோடி ஜோடியாகப் பேச்சு. கடைசி ஐந்து நிமிடம் நோட்டில் மூன்று வாக்கியம்.

இது எங்கே கவிழும்? பெரும்பாலும் ஜோடிப் பேச்சில். என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள் நீளமாக விளக்கியிருப்பீர்கள். யாருக்கும் புரியாமல் எல்லோரும் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். விளக்கவே கூடாது. இரண்டு பேரை முன்னால் நிறுத்திச் செய்து காட்ட வைத்து, "இப்போது நீங்கள்" என்று கையைக் காட்டினால் போதும். "புரிந்ததா?" என்ற கேள்வியையும் மறந்துவிடுங்கள். உலகில் எந்த வகுப்பும் அதற்கு இல்லை என்று சொன்னதில்லை. "மீன் நீந்துமா? நாற்காலி நீந்துமா?" என்று கேளுங்கள், நாற்காலிக்கும் 'யெஸ்' வந்தால் மறுபடி தொடங்க வேண்டியதுதான். பிள்ளைகள் சொல்வதையெல்லாம் திருப்பிச் சொல்லப் பழகியிருந்தால், "நான் சொல்வதைச் சொல்லுங்கள்" என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். காதில் கை வைத்தால் கேட்க வேண்டும், கையை நீட்டினால் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே சைகையைப் பழக்கிவிடுங்கள். முப்பது ஜோடி ஒரே நேரத்தில் பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் பாடம் நடத்த முடியாது. முன்கூட்டியே பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் நேரத்தைச் சொல்லிவிடுவது மரியாதை. தகரக் கூரையில் மழை இறங்கினால் நீங்கள் கத்துவது முதல் பெஞ்சுக்குக்கூடக் கேட்காது. அதற்கென்று வாய் திறக்காமல் செய்யும் ஒரு எழுத்து வேலை எப்போதும் தயாராக இருக்கட்டும்.

கரும்பலகை சின்ன விஷயம் போலத் தோன்றும். கீழ்க் கால்பகுதியில் எழுதுவது பின்பெஞ்சுக்குத் தெரியாது, முன்னால் இருப்பவர்களின் தலை மறைக்கும். பலகையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடது ஓரம் புதுச் சொற்கள், அழிக்கக் கூடாது. நடுவில் படமும் வாக்கியமும். வலது ஓரம் திடீரென்று வரும் சந்தேகங்களுக்கு, எழுதி எழுதி அழிக்க. நோட்டில் அப்படியே பார்த்து எழுதும் பழக்கமுள்ள பிள்ளைகள் நீங்கள் கிறுக்கியதையும் சேர்த்து எழுதுவார்கள் என்பதால் இந்தக் கோடு முக்கியம். எழுத்தின் உயரம் சரியா என்று பார்க்க ஒரே வழி, நீங்களே கடைசி பெஞ்சுக்கு நடந்து போய்ப் படித்துப் பார்ப்பதுதான்.

பிரம்பு இருக்கும் பள்ளிகள் இன்னும் உண்டு. பிள்ளைகள் முன்னால் சக ஆசிரியரைத் தடுத்து வாதாடினால் அவர் முகம் கெடும், உங்களோடு சேர்ந்து நடத்துவதும் அத்தோடு முடியும். நீங்கள் அடிப்பதில்லை என்பதை நடத்தையில் காட்டுங்கள், தனியே பேசுங்கள். காயம் படும் அளவுக்குப் போனால் அது பேச்சோடு நிற்கும் விஷயமல்ல. அனுப்பிய அமைப்பின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே எழுத்தில் கொடுக்க வேண்டும். அதே பாதுகாப்பு விதிகள் உங்களுக்கும் உண்டு. மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. மாணவரோடு சொந்த போனில் அரட்டை கூடாது. முகம், பள்ளியின் பெயர், ஊர் மூன்றும் சேர்ந்து தெரியும் படத்தை இணையத்தில் போடவே கூடாது, பிள்ளை சிரித்துக்கொண்டே போஸ் கொடுத்திருந்தாலும்.

தங்கும் வீடு

ஹோஸ்ட் குடும்பம் ஹோட்டலும் அல்ல, உங்கள் சொந்த வீடும் அல்ல. பணம் கொடுத்திருக்கிறோம் என்ற நினைப்பில் இருப்பவரும் தடுக்கி விழுவார், "நம் வீடு மாதிரி" என்று உரிமை எடுத்துக்கொள்பவரும் தடுக்கி விழுவார். போகுமுன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: வீட்டில் யார் யார், உங்கள் அறைக்கு உள்ளிருந்து தாழ்ப்பாள் உண்டா, கழிப்பறை வீட்டுக்குள்ளா வெளியிலா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பள்ளிக்கு நடந்து போக எத்தனை நிமிடம், வேறு தன்னார்வலர் உண்டா.

உணவுக் கட்டுப்பாடு இருந்தால் "நான் சைவம்" என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு ஊருக்கு ஊர் அர்த்தம் மாறும். இறைச்சி, மீன், முட்டை வேண்டாம், இறைச்சி வேகவைத்த சாறும் வேண்டாம் என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். ஒவ்வாமை என்றால் அதை உள்ளூர் மொழியில் அட்டையில் எழுதி வாங்கி, சமைப்பவர் கையில் நேரடியாகக் கொடுங்கள். தட்டைக் காலி செய்தால் இன்னும் வேண்டும் என்று எடுத்துக்கொள்ளும் வீடும் உண்டு, மிச்சம் வைத்தால் பிடிக்கவில்லை என்று வருந்தும் வீடும் உண்டு. எது எந்த வீடு என்று முதல் சாப்பாட்டுக்கு முன்பே அமைப்பின் உள்ளூர் ஒருங்கிணைப்பாளரைக் கேட்டுவிடுங்கள்.

குடிநீர் குமிழியிட்டுத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். ஆனால் அந்த வீட்டில் விறகோ எரிவாயுவோ காசு போட்டு வாங்குவதாக இருக்கும். உங்களுக்காக மட்டும் தினமும் பானை பானையாகக் கொதிக்க வைக்கச் சொல்வதைவிட வடிகட்டியுள்ள பாட்டிலை எடுத்துப் போவது நல்லது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் வயிறு ஒருமுறை கெடும். ஓ.ஆர்.எஸ். (உப்புச் சர்க்கரைக் கரைசல்) பாக்கெட் குறைந்தது பத்து உங்கள் பெட்டியில் இருக்கட்டும். தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, கரண்டியின் விளிம்பு மட்டத்துக்கு. குவித்துப் போட்டால் உப்பு கூடி நிலைமை மோசமாகும். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் நின்றுபோவது, இவற்றில் ஒன்று வந்தாலும் வீட்டு வைத்தியம் போதாது.

குளியல் தண்ணீரைப் பொறுத்தவரை, வாளியை நிரப்பியது யார் என்று பாருங்கள். குழாயா, மோட்டாரா, அல்லது அந்த வீட்டுப் பெண் விடியுமுன் சுமந்து வந்ததா? சுமந்து வந்தது என்றால் ஒரு வாளிக்கு மேல் எடுக்காதீர்கள், தலைக்குக் குளிக்கும் நாளை முன்னிரவே சொல்லிவிடுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் குளிக்கும் நேரத்தில் நீங்கள் குளியலறையில் அரைமணி நேரம் இருந்தால் வீடு முழுக்கத் தாமதமாகும். உள்ளாடையை நீங்களே துவைத்துக்கொள்ளுங்கள், எங்கே காயப்போடலாம் என்று கேட்டுவிட்டு. வாட்டர் ஹீட்டர் கம்பியும் ஹேர் டிரையரும் அந்த வீட்டு மின்கட்டணத்தை எகிற வைக்கும். பழைய வயரிங் என்றால் பியூஸும் போகும்.

வீட்டு வேலையில் உதவுவதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். "ஏதாவது செய்யட்டுமா?" என்று கேட்டால் "வேண்டாம், உட்காருங்கள்" என்றுதான் வரும். ஒரு குறிப்பிட்ட வேலையைச் சொல்லிக் கேளுங்கள்: "இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தட்டுகளை நான் கழுவுகிறேன்." ஒரு வாரத்தில் அது உங்கள் வேலையாகிவிடும், அதன் பிறகு பேச்சும் இயல்பாக வரும்.

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தால் கோபம் என்றோ உடம்பு சரியில்லை என்றோ நினைக்கும் வீடுகள் ஏராளம். மாலையில் ஒரு மணி நேரம் பாடம் தயாரிப்பேன், அப்போது கதவு சாத்தியிருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் தட்டிக் கேட்க மாட்டார்கள். வெளியே போனால் திரும்பும் நேரத்தைச் சொல்லுங்கள். நீங்கள் வரும்வரை அந்த வீட்டின் மூத்த பெண்மணி சாப்பிடாமல் காத்திருப்பார் என்பது பல நாள் கழித்துத்தான் பலருக்குத் தெரிய வருகிறது.

வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கச் சொல்வார்கள். வாரம் இரண்டு நாள், அரைமணி நேரம் என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். வரம்பில்லாமல் தொடங்கினால் பத்தாம் நாள் தெருப் பிள்ளைகள் எல்லாம் வாசலில் இருப்பார்கள். கடன் கேட்பது இதைவிடச் சங்கடம். கேட்கப்பட்ட பிறகு யோசித்தால் முடிவு தப்பாகத்தான் வரும். "பணம் பற்றிய எதையும் அலுவலகம் மூலமாகத்தான் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்" என்ற ஒரே பதிலை எல்லோருக்கும், எல்லாத் தொகைக்கும் சொல்லுங்கள். ஒருவருக்குச் சின்னத் தொகை கொடுத்தாலும் அடுத்த வீட்டுக்கு அது மறுநாள் தெரியும். பரிசுகளை வந்த அன்றே கொட்டாமல், வீடு முழுதும் பயன்படுத்தும் ஒரு பொருளாகச் சில நாள் கழித்துக் கொடுப்பது மேல்.

பழகிப்போக வேண்டியவை வேறு, பொறுத்துக்கொள்ளக் கூடாதவை வேறு. சத்தம், நெரிசல், கொசு, ஒரே சாப்பாடு எல்லாம் முதல் வகை. தாழ்ப்பாள் இல்லாத அறைக்குள் ஆள் நுழைவது, தொடுவது, குடித்துவிட்டுச் சண்டை போடுவது, பாஸ்போர்ட்டை "பத்திரமாக வைக்கிறேன்" என்று வாங்கிக்கொள்வது இரண்டாம் வகை. அவற்றுக்குப் பண்பாட்டு வேறுபாடு என்று பெயர் வைத்துச் சமாதானம் தேடாதீர்கள். அன்றே ஒருங்கிணைப்பாளரை அழைத்து வீடு மாறுங்கள். ஓரிரவு விடுதிக்கும் நகரம் வரை வண்டிக்கும் போதுமான ரொக்கம், பாஸ்போர்ட் நகலோடு, பர்ஸில் இல்லாமல் வேறோரிடத்தில் எப்போதும் இருக்க வேண்டும்.

கிளம்பும் தேதியைப் பிள்ளைகளிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். "திரும்பி வருவேன்" என்று டிக்கெட் இல்லாமல் வாக்குக் கொடுக்காதீர்கள். கடைசி இரண்டு வாரம் வகுப்பை உள்ளூர் ஆசிரியர் நடத்தட்டும், நீங்கள் முதல் வாரம் உட்கார்ந்த அதே பின்பெஞ்சில் இருந்து அவர் கேட்டால் மட்டும் உதவுங்கள். நீங்கள் செய்த படஅட்டைகள் அங்கே கிடைக்கும் தாளிலும் மையிலும் செய்தவையாக இருந்தால், கிழிந்த பிறகு அவரே மறுபடி செய்துகொள்ள முடியும். லேமினேட் செய்து பெட்டியில் கொண்டுபோனவை கிழிந்தால் அத்தோடு சரி. ஒரு நோட்டில் தேதிவாரியாக எந்தப் பக்கம், என்ன பயிற்சி, யார் யார் எதில் தடுமாறுகிறார்கள் என்று எழுதி அவரிடம் ஒப்படையுங்கள், நகல் ஒன்றைத் தலைமையாசிரியரிடமும் கொடுங்கள். அடுத்து வரும் தன்னார்வலர் நிறங்களிலிருந்து ஆரம்பிக்காமல் இருக்க அந்த நோட்டு வேண்டும். அது ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் போதாது. உள்ளூர் மொழியில் தலைப்புகளையாவது சக ஆசிரியரைக் கொண்டு எழுத வையுங்கள்.